கவிழ்த்து வைத்த கீபோர்டு

எங்கள் அலுவலகத்தில் ஒருவர் வெள்ளிக்கிழமை பத்தரை மணி ஆனதும் தன் கீபோர்டைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிடுவார். பன்னிரண்டு அடித்த பிறகுதான் நிமிர்த்துவார். திங்கட்கிழமை தொல்லை இல்லை, ராகு காலம் ஏழரைக்கு வந்து ஒன்பதுக்குப் போய்விடும், அப்போது அவர் ரயிலில் இருப்பார். செவ்வாய் மூன்று மணிக்கு, புதன் சாப்பாட்டு வேளையில், வியாழன் ஒன்றரைக்கு என்று அது எங்கே வந்து உட்காருமோ அங்கெல்லாம் அந்தக் கீபோர்டும் குப்புறப் படுத்துக்கொள்ளும். மீதி எட்டு பேருக்கும் அது தினசரி வேடிக்கை. எட்டு பேரில் வாய் நீளம் எனக்குத்தான்.

"இன்னாணா, ராகு வந்துட்டாரா? நாற்காலி போடட்டா?" என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். அவர் தன் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நோட்டைப் பிரித்துப் படிப்பார்.

இரண்டாயிரங்களின் கடைசி வருடங்கள் அவை. சென்னைக் கம்பெனி ஒன்று வாடகை குறைவு என்று காஞ்சிபுரத்தில் ஒரு மாடியைப் பிடித்து எங்களை உட்கார வைத்திருந்தது. நான் சின்ன காஞ்சிபுரம். அப்பா சமஸ்கிருத ஆசிரியர். எங்கள் வீட்டில் ராகு காலம் பார்க்காமல் அரிசி மூட்டையைக்கூடப் பிரிக்க மாட்டார்கள். இருபத்து நாலு வயதில் எனக்கு அதெல்லாம் எரிச்சல். ஆனால் அப்பா முன்னால் வாயைத் திறக்கத் துணிச்சல் கிடையாது. வீட்டில் சொல்ல முடியாததையெல்லாம் மாடியேறி வந்து இந்த மனிதரிடம் சொல்லித் தீர்த்துக்கொண்டேன். திருப்பி அடிக்காதவனாகப் பார்த்து அடிப்பதில் நான் கெட்டிக்காரன்.

அவருக்கு முப்பத்தெட்டு வயது. வாலாஜாபாத் பக்கத்துக் கிராமம், விவசாயக் குடும்பம். நிலம் பங்கு பிரிந்து ஒன்றுமில்லாமல் போனபின், மனைவியின் அண்ணன் நடத்திய அரிசி மில்லில் மூட்டை எடைபோடும் வேலை. மூட்டை தூக்குகிறவர்கள் எதிரிலேயே மச்சான் இவரை "டேய்" என்று கூப்பிடுவாராம். அதற்குப் பயந்தே மாலை வகுப்பில் கம்ப்யூட்டர் படித்தார். எங்களோடு சேர்ந்தது ஆறு மாதத் தற்காலிக வேலையில். ஆவணி முடிவில் நிரந்தரக் கடிதம் வர வேண்டும்.

"அந்த லெட்டர் மட்டும் வரட்டும்பா. மச்சான் மில்லு இருக்கற பக்கம் தல வெச்சி படுக்க மாட்டேன்" என்பார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் கொஞ்சம் உயரும். நாங்கள் அதையும் அவரைப்போலவே பேசிக் காட்டிச் சிரித்திருக்கிறோம்.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். காஞ்சிபுரத்துப் பட்டுக்கடையின் இணையதளத்தை அமெரிக்காவில் ஒரு பெண் திறந்தால், புடவைப் படங்கள் இங்கிருந்து கடல் தாண்டிப் போய்ச் சேர நேரமாகும். அதனால் ஊருக்கு ஊர் கணினிகளை வைத்திருக்கும் ஒரு வலையமைப்பு அந்தப் படங்களின் நகலை வைத்துக்கொண்டு, பார்ப்பவருக்குப் பக்கத்திலிருந்தே எடுத்துக் கொடுக்கும். சி.டி.என். என்பார்கள். அந்த வலையமைப்பில் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு பெயர் வாங்க வேண்டும். அதுதான் எட்ஜ் ஹோஸ்ட்நேம். கடையின் சொந்த முகவரி அந்தப் பெயரைக் கை காட்டிக்கொண்டு நிற்கும். பெயரை அழித்துவிட்டால் முகவரி ஒன்றுமில்லாத இடத்தைக் கை காட்டும். கடைக்கு வந்தவருக்கு வெள்ளைத் திரைதான்.

இந்தப் பெயர்களை உண்டாக்குவது, திருத்துவது, அழிப்பது எல்லாம் ஏ.பி.ஐ. வழியாக நடக்கும். கறுப்புத் திரையில் நாலு வரி எழுதி எண்டர் தட்டினால், எதிர்முனை ஏற்றுக்கொண்டதாகப் பதில் சொல்லும். அழிப்பதற்கு ஒரே வரி போதும். "நிஜமாகவா?" என்று கேட்கிற பழக்கம் அதற்குக் கிடையாது. ஒவ்வொருவருக்கும் டோக்கன் என்று நீளமான ஓர் எழுத்துக் கோவை உண்டு. யாருடைய டோக்கனில் கட்டளை போகிறதோ அவர் பெயர், மணி நிமிடத்தோடு பதிவில் ஏறும். டோக்கனை இன்னொருவருக்குக் கொடுத்தால் வேலை போகும் என்று சேர்ந்த அன்றே எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

அவர் ஒரு பெயரை அழிப்பதைப் பார்த்தால் எங்களுக்குக் கொட்டாவி வரும். முதலில் கடைக்காரருக்குப் போன் போட்டுக் கேட்பார். பிறகு முகவரி இப்போது எந்தப் பெயரைக் கை காட்டுகிறது என்று திரையில் சரிபார்ப்பார். ஒரு நாள் பொறுப்பார். மறுபடியும் சரிபார்த்து, நோட்டில் பெயர், தேதி, மணி எழுதி, அதன்பிறகுதான் எண்டர். ராகு காலத்தில் புதிதாக எதையும் ஆரம்பிக்கக் கூடாது என்றுதான் ஊரில் பார்ப்பார்கள். இவருக்கு ஒவ்வொரு எண்டரும் ஓர் ஆரம்பம்.

"அழிச்சா திரும்பி வராதுபா. அதுக்கு நேரம் பாக்காம வேற எதுக்கு பாக்கறது? உங்களுக்கு தப்பு பண்ற வயசு இருக்குது. எனக்கு இல்ல" என்றார் ஒருமுறை. நான் அதைக் கேட்டு மேசையில் கைதட்டினேன்.

அந்த ஆவணியில், தளங்களையெல்லாம் பூட்டுப் போட்ட பாதுகாப்பான முகவரிக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். அதற்குப் புதுப் பெயர்கள் உண்டாக்கியாயிற்று. கடைக்காரர்கள் தங்கள் முகவரியைப் புதுப் பெயருக்குத் திருப்பிக்கொள்ள வேண்டும். திருப்பிய பின் பழைய பெயரை நாங்கள் அழிக்க வேண்டும். நாற்பது பழைய பெயர்கள் மிச்சம் இருந்தன. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குள் அத்தனையும் போயாக வேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அவர் சென்னையில் இருப்பவர், வெள்ளிதோறும் காரில் வந்து எங்களைத் திட்டிவிட்டுப் போவார். நாற்பதையும் முடிக்கிறேன் என்று நான்தான் முந்திக்கொண்டு கை தூக்கினேன். என்னைச் சென்னைக்கு மாற்றப் போவதாகப் பேச்சு இருந்தது. அதற்கு முன் ஒரு சாகசம் காட்ட ஆசை.

என் டோக்கன் காலாவதியாகி இரண்டு வாரம் ஆகியிருந்தது. புதிது வேண்டுமென்றால் சென்னைக்குப் படிவம் அனுப்ப வேண்டும். சோம்பல். வியாழக்கிழமை அவரிடம் போய், "ணா, உங்க டோக்கன் குடுங்க. லிஸ்ட் பாக்கறதுக்குத்தான்" என்றேன்.

தயங்கினார். "பாக்கறதுக்கு மட்டும்தானே? அழிக்கறதுன்னா சொல்லிட்டு அழி தம்பி."

"பாக்கறதுக்குணா."

தந்தார். கூடவே, அவர் சரிபார்த்து வைத்திருந்த பட்டியலையும் நோட்டில் ஒரு பிரதி எழுதி வைத்துக்கொண்டு, கிழித்துத் தந்தார். அதில் எங்கள் தெருவிலேயே இருந்த பெரிய பட்டுக்கடையின் பெயரைச் சுற்றி ஒரு வட்டம். பக்கத்தில், "இன்னும் திருப்பவில்லை. கேட்கும்வரை வேண்டாம்." அதை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று பிற்காலத்தில் எனக்கே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன், ஒட்டவில்லை. வெள்ளி காலை பத்து மணிக்குள் திருப்பிவிடுவதாகக் கடையில் சொல்லியிருந்தார்கள். பத்து சொன்னால் பத்துதானே என்று இருந்துவிட்டேன். திருப்பிவிட்டார்களா என்று பார்க்க ஒரு வரி அடித்தால் போதும், பத்து நொடி வேலை. அடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு அவர் வழக்கம்போல் கீபோர்டைக் கவிழ்த்தார். நான் வழக்கம்போல் ஏதோ சொன்னேன். பத்து நாற்பத்திரண்டுக்கு, என் கணினியில், அவர் டோக்கனைப் போட்டு, நாற்பது பெயர்களையும் ஒரே ஓட்டமாக அழிக்கும் கட்டளையை விட்டேன். திரையில் நாற்பது முறை பதில் ஓடியது.

"பாத்தீங்களாணா? உங்களுக்கு ஒரு மாச வேல. எனக்கு ஒரு நிமிஷம்."

அவர் சுவரைப் பார்த்தபடியே கேட்டார். "எந்த டோக்கன்ல?"

"என்னோடதுதான்."

"வந்துட்சா?"

"வந்துட்சிணா." அவ்வளவு சுலபமாக வந்தது பொய்.

பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பட்டுக்கடையிலிருந்து போன். அப்போதுதான் வந்திறங்கிய மேனேஜர் எடுத்தார். அமெரிக்காவின் மேற்குக் கரையில் அப்போது வியாழக்கிழமை இரவு, சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகப் புடவை பார்க்க உட்காரும் நேரம். அங்கிருந்து அவர்கள் சொந்தக்காரப் பெண் கூப்பிட்டு, கடை திறக்கவில்லை என்றாளாம். ஆவணி முகூர்த்தங்களுக்கு முந்தின வாரம். முதலாளி போட்ட கத்தல், போனை மேனேஜர் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தபோதும் எங்களுக்குக் கேட்டது.

மேனேஜர் பணிவாக விளக்கினார். புதுப் பெயர் தயாராக இருக்கிறது, உங்கள் முகவரியை அதற்குத் திருப்புங்கள், இரண்டு நிமிட வேலை. அதற்கு வந்த பதிலை என்னால் மறக்க முடியாது.

"மருமகன்தான் அத பாக்கறவரு. காலைல வர லேட்டாயிட்சி, பத்தரை தாண்டிட்சி. பன்னண்டுக்கு மேலதான் கை வெப்பாரு. ராகு காலத்துல கடை பேர மாத்த சொல்றியா நீ?"

கடை செத்துக் கிடக்கிறது. உயிர் கொடுக்கும் பொத்தான் மருமகன் விரலடியில் இருக்கிறது. அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மாமனார் எங்களைத் திட்டிக்கொண்டிருக்கிறார். ஒரு மணி நேரம் இப்படியே ஓடியது. பன்னிரண்டு அடித்து இரண்டு நிமிடத்தில் மருமகன் திருப்பினார். ஆனால் பழைய கைகாட்டலை வெளியூர்க் கணினிகள் ஒரு நாள்வரை நினைவில் வைத்துக்கொள்ளும்படி அந்த முகவரியில் எழுதியிருந்ததால், வெளிநாட்டில் பாதி பேருக்கு மறுநாள்வரை வெள்ளைத் திரைதான் தெரிந்தது. அழித்த பெயரை உடனே திரும்ப உண்டாக்கவும் அந்த வலையமைப்பு விடவில்லை.

இதில் ஒரு விஷயத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ராகு காலம் பார்த்துக் கடையைச் சாகவிட்ட மருமகனைப் பற்றி எங்கள் மாடியில் ஒரு கேலி எழவில்லை. அவர் பெரிய கடை.

இரண்டு மணிக்கு மேனேஜர் எல்லோரையும் சுற்றி உட்கார வைத்தார். பதிவை அச்செடுத்து வந்திருந்தார். பத்து நாற்பத்திரண்டு. பக்கத்தில், எனக்கு டோக்கன் தந்தவர் பெயர். மேனேஜர் அதை அவர் முன்னால் தள்ளினார்.

அவர் தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபம் இல்லை அந்தப் பார்வையில். எதையோ கீழே போட்டுவிட்டவன் தானே குனிந்து எடுப்பான் என்று காத்திருப்பதுபோல் பார்த்தார். டோக்கனை எனக்குக் கொடுத்தேன் என்று அவர் சொன்னால் அதற்கே வேலை போகும். நான் சொன்னால் எனக்குப் போகும், சென்னையும் போகும். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

அவரிடம் மிச்சம் இருந்தது ஒன்றுதான். அதை எடுத்து வைத்தார்.

"சார், வெள்ளிக்கெழம. பத்து நாப்பத்திரண்டு. அந்த நேரத்துல நான் எண்டர் தட்டுவனா சார்? கீபோர்ட கவுத்து வெச்சிக்கினு இருந்தேன். இவங்க எல்லாரும் பாத்தாங்க. கேளுங்க சார்."

உண்மை. எட்டு பேரும் பார்த்திருந்தோம். ஆறு மாதமாகப் பார்த்துப் பார்த்துச் சிரித்த காட்சி. ஒரு நீதிமன்றத்தில் ஒருவனுக்கு இதைவிடப் பலமான சாட்சி கிடைக்காது. ஏழு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அவர்களுக்கும் தெரிந்துவிட்டது. யாராவது ஒருவர், ஆமாம் சார், பார்த்தோம் என்று சொல்லியிருந்தால் போதும்.

நான் சிரித்தேன்.

முதலில் சிரித்தது நான்தான். மற்றவர்களுக்கு அது விடுதலையாக இருந்திருக்க வேண்டும். ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். கடைசியில் மேனேஜரும் சிரித்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. "யோவ், ஹெட் ஆபீசுக்கு நான் இன்னானு எழுதறது? ராகு காலம், அதனால இவர் குற்றவாளி இல்லன்னா?"

அவர் நோட்டை எடுத்துக் காட்டினார். கிழித்த தாளின் பிரதி அதில் இருந்தது, வட்டத்தோடு. மேனேஜர் வாசித்துவிட்டு, "அப்ப திருப்பலன்னு உனக்கு தெரிஞ்சிருக்குது. தெரிஞ்சே அழிச்சிருக்க. ஜாஸ்தி தப்புதானே?" என்றார். அந்த மனிதர் வாழ்க்கையில் கவனமாகச் செய்ததெல்லாம் ஒவ்வொன்றாக அவர் கழுத்துக்கே வந்தது. அவர் நோட்டை மூடினார்.

பயந்துதான் சும்மா இருந்தேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. அவரைவிட நான் உசத்தி என்று ஆறு மாதமாக நம்பியிருந்தேன். என் வேலையும் அவர் வேலையும் ஒரே தராசில் ஏறும் என்பதே எனக்கு அசிங்கமாக இருந்தது. இவருக்குத்தான் மில் இருக்கிறதே என்றுகூட நினைத்தேன். அந்த மில்லைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் தெரிந்திருந்தும் அப்படி நினைத்தேன்.

பட்டுக்கடை முதலாளிக்குக் குற்றவாளி கையெழுத்தோடு ஒரு கடிதம் வேண்டுமாம். கையெழுத்துப் போட்டால், தானாக விலகியதாக அனுபவச் சான்று தருவோம், இல்லையென்றால் வெறுங்கையோடு போக வேண்டும் என்று அவரிடம் பேசி முடித்தார்கள். கடிதத்தை டைப் அடிக்கும் வேலை எனக்கு வந்தது. என் ஆங்கிலம் நன்றாக இருக்குமாம். அவருடைய கவனக்குறைவைப் பற்றி மூன்று பத்தி எழுதினேன். பத்து நாற்பத்திரண்டு என்ற நேரத்தைத் தடித்த எழுத்தில் போட்டேன். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை சரிபார்த்தேன். போன வெள்ளிக்கிழமை அந்தப் பத்து நொடி எனக்குக் கிடைக்கவில்லை.

அடுத்த வெள்ளியன்று மேனேஜர் வர பதினொன்று தாண்டிவிட்டது. வந்ததும் கடிதத்தை மேசையில் வைத்து அவரைக் கூப்பிட்டார். நாங்கள் அவரவர் இடத்தில் வேலை செய்வதுபோல் இருந்தோம். அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றபடியே இரண்டு முறை வாசித்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று பத்து.

"பன்னண்டுக்கு மேல போட்டுடறேன் சார்."

"எனக்கு பதினொன்னரைக்கு கெளம்பணும்."

"அம்பது நிமிஷம்தான் சார். இங்கியே உக்காந்துக்கினு இருக்கேன். வேற எதுவும் கேக்கல."

மேனேஜர் கடிதத்தின் மேல் விரலால் தட்டினார். "ராகு காலத்துல அழிக்க தெரிஞ்சிது. கையெழுத்து போடறதுக்கு மட்டும் நேரம் பாக்கறியா? இப்ப போட்டா சர்ட்டிபிகேட்டு. இல்லன்னா மாடியெறங்கு."

அவர் சட்டைப் பையைத் தடவினார். பேனா இல்லை. பக்கத்தில் இருந்தவன் நான். என் பேனாவை நீட்டினேன். அதைவிட வேறு ஏதாவது செய்ய அப்போதும் நேரம் இருந்தது.

தமிழில் முழுப் பெயரையும் எழுதினார், அப்பா பெயரின் முதலெழுத்தோடு. அதன்கீழ் தேதி. அதன்கீழ், நோட்டில் எழுதுகிற அதே குட்டி எழுத்தில், "வெள்ளி, காலை 11.12."

"நேரமெல்லாம் வேணாம்" என்றார் மேனேஜர்.

"இருக்கட்டும் சார். பழக்கம்."

சான்றிதழை மடித்துப் பையில் வைத்தார். பேனாவை மூடி என்னிடம் நீட்டினார்.

"இந்தா தம்பி. ராகு காலத்துல நான் செஞ்ச மொத காரியம் இதுதான். இப்ப சிரி."

யாரும் சிரிக்கவில்லை என்று இதை முடிக்க எனக்கு ஆசை. ஆனால் அந்த அமைதியில் ஒரு சத்தம் வந்தது. அடக்கப் பார்த்து அடங்காமல் மூக்கு வழியாக வந்த சத்தம். அது என்னுடையதுதான். அவர் அதைக் கேட்டுவிட்டுத்தான் படியிறங்கினார்.